பெமா ஆற்றங்கரையில் வைத்த பானை

பெமா என்ற பெயரை யோகராணி முதன்முதலாகக் கேட்டது மொன்ட்ரியாலின் டோர்வலில். விமானங்களுக்குச் சாப்பாடு கட்டுகிற கிச்சினில், காலமை வேலை தொடங்குகிற நேரம், சூப்பர்வைசர் ஒரு புது ஆளைக் கூட்டிக்கொண்டு வந்து, "இவ பெமா, இனி உங்களோடைதான் நிற்பா" என்று சொல்லிவிட்டுப் போனான். யோகராணியின் கை தட்டத்துக்கு மேலே அப்படியே நின்றுவிட்டது. சிங்களத்திலும் அப்படி ஒரு பெயர் இருக்கல்லோ.

"மச்சாள், சிங்களப் பொம்பிளையோ?" என்று பக்கத்தில் நின்ற யோசெப்பினைக் கேட்டாள்.

"முகத்தைப் பார். சீனாக்காரி மாதிரிக் கிடக்கு. நீ பட்டரை வை, பெல்ட் ஓடுது."

யோகராணியின் பயம் விளங்க வேண்டுமென்றால் அவளுடைய ஆக்களைக் கொஞ்சம் தெரிந்திருக்க வேணும். மன்னார்க் கரையில் வள்ளங்கள் வைத்திருந்த சம்மாட்டி சூசைப்பிள்ளையின் மூத்த மகள் அவள். சூசைப்பிள்ளையின் தங்கச்சி எலிசா. எலிசாவின் மகன் கிறகரி. அந்தச் சொந்த மச்சானைத்தான் யோகராணி கட்டினாள். யோசெப்பின் என்பவள் கிறகரியின் கூடப்பிறந்த தங்கச்சி. சூசைப்பிள்ளைக்குக் கரையோடு ஒரு காணி இருந்தது. மீன் காயப்போடுகிற வாடி, கிணறு, ஒரு பெரிய அரசமரம். சண்டைக்குப் பயந்து ஓடிப்போய், முகாமிலே கிடந்து, திரும்பி வந்து பார்த்தால் அரசமரத்துக்குக் கீழே ஒரு புத்தர் இருந்தார். சின்னச் சிலைதான், இருந்தால் என்ன என்று சூசைப்பிள்ளை ஒன்றும் பேசவில்லை. பிறகு சிலைக்கு ஒரு கொட்டில் வந்தது. கொட்டிலுக்குக் காவல் வந்தது. காவலுக்கு முள்ளுக்கம்பி வந்தது. வாடியும் கிணறும் கம்பிக்கு அந்தப் பக்கம் போய்விட்டன. மனுசன் கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று தன் கிணற்றைப் பார்த்துப் பார்த்தே கண்ணை மூடினார். அந்தக் குடும்பத்தில் இப்போதும் மரத்தடியில் ஒரு சிலை என்று யாரும் சொன்னால், அடுத்தது என்ன வரும் என்று குழந்தைப்பிள்ளைக்கும் தெரியும்.

பெமா சிங்களம் இல்லை, திபெத்துக்காரி என்று அன்றைக்கே தெரிந்துவிட்டது. யாரைக் கண்டாலும் "நீங்கள் ஆரின்ரை பிள்ளை?" என்று கேட்காமல் யோகராணிக்குச் சோறு இறங்காது. பெமாவையும் கேட்டாள். இருவருக்கும் தெரிந்தது அரைகுறைப் பிரெஞ்சு. மிச்சத்தைக் கையும் கண்ணும் பேசின. பெமாவின் தகப்பன் யாக் மாடு மேய்த்தவர். தாய்மாமன் ஒருவர் மடத்தில் துறவியாய் இருந்தவர். அந்த மடத்தை இடித்தபிறகு அவர் போன இடம் தெரியாது. தாய் பெமாவை முதுகில் கட்டிக்கொண்டு பனிமலை தாண்டி நேபாளத்துக்கு வந்து சேர்ந்தாள். அக்கா ஒருத்தி கூட நடந்து வந்தவள், வழியிலேயே முடிந்துபோனாள். பெமா கம்பளம் நெய்து வளர்ந்து, லொறி ஓட்டுகிற ஒருவரைக் கட்டி, அவரையும் நோய்க்குக் கொடுத்து, ஒரே மகனைப் படிக்க வைத்தாள். மகன் மொன்ட்ரியாலுக்கு வந்து தாயைக் கூப்பிட்டான். அந்த நேரம் மொன்ட்ரியால்-நோர் பகுதியில், யோகராணியின் வீட்டிலிருந்து ஒரு தெரு தள்ளித்தான் இருப்பு.

"பாவம், எங்கட சனம் மாதிரித்தான் அடிபட்டு வந்திருக்கு" என்று யோகராணி வீட்டில் வந்து கிறகரிக்குச் சொன்னாள்.

அதற்குப் பிறகு பெமா அக்காவானாள். யோகராணி கூப்பிட, யோசெப்பின் கூப்பிட, கடைசியில் கிச்சினில் நிற்கிற ஹெய்ட்டிக்காரப் பொம்பிளைகளும் அக்கா என்றே கூப்பிட்டார்கள், அது அவளுடைய பெயர் என்று நினைத்து. பெமா யோகராணியை "ராணி" என்பாள். உப்பும் பட்டரும் போட்ட தேத்தண்ணியைப் போத்தலில் கொண்டுவந்து, "குடி, ராணி, குளிருக்கு நல்லது" என்று நீட்டுவாள். யோகராணி மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு மிடறு குடித்துவிட்டு, "இது தேத்தண்ணி இல்லை அக்கா, சூப்" என்பாள். இருவரும் சிரிப்பார்கள். ஒரு மார்கழியில் யோகராணி ஐஸில் சறுக்கி விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டு, கட்டு அவிழ்த்த கையோடு வேலைக்கு வந்தபோது, அவளுடைய ட்றொலியையும் சேர்த்து இழுத்தது பெமாதான். ஒரு சொல் சூப்பர்வைசருக்குச் சொல்லவில்லை.

அந்தக் குளிர்காலம் முடிகிற நேரத்தில் பெமா எல்லோரிடமும் ஒன்று கேட்டாள். உன் ஊர் மண் கொஞ்சம் இருக்குமோ? சமாதானத்துக்குப் பிரார்த்தனை, எங்கட லாமா கேட்டவர், என்றாள். அதற்கு மேலே சொல்ல அவளுடைய பிரெஞ்சு போதவில்லை, யோகராணியும் கேட்கவில்லை. மொன்ட்ரியாலில் யாரிடம் ஊர் மண் இருக்கப்போகிறது? ஹெய்ட்டிக்காரி ஒருத்தி தன் ஊர்க் காசு ஒன்று கொடுத்தாள். யோசெப்பின் ஒரு பிடி புழுங்கல் அரிசி கொடுத்தாள். யோகராணியிடம் மண்ணே இருந்தது. மாதா சுரூபத்துக்குப் பின்னால் ஒரு மருந்துப் போத்தலில் மடு மண், ஊரில் மடு மாதா கோயிலிலிருந்து எடுத்தது. பாம்பு விஷத்துக்கு நல்லதென்று எங்கள் கத்தோலிக்க வேதக்காரர் வீடுகளில் வைத்திருப்பது. தாய் சாகும் முன்னம் கையில் கொடுத்தது. அதில் பாதியைக் கடதாசியில் மடித்துக் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

கிறகரி முணுமுணுத்தான். "மடு மண்ணைக் கொண்டுபோய் வேறை சமயத்து ஆக்களுக்குக் குடுக்கிறதே?"

"இந்தப் பனிக்குள்ளை பாம்பு எங்கை இருந்து வரப்போகுது? கிடக்கிறது சும்மா கிடக்காமல் ஒரு சமாதானத்துக்குப் போகட்டுமன்."

பெமா அந்தப் பொட்டலத்தை வாங்கி நெற்றியில் வைத்துக்கொண்டாள்.

பனி கரைந்து வைகாசி பிறந்தது. மொன்ட்ரியால்-நோரின் ஓரத்தில் ஓடுகிற ஆற்றில் கிறகரி தூண்டில் போடப் போவான். யோகராணியும் ஒரு மடக்குக் கதிரையைத் தூக்கிக்கொண்டு பின்னால் போவாள். அந்த இடத்தில் அவளுக்கு ஒரு பிடிப்பு. தண்ணி வாசமும் சேத்து வாசமும் எங்கட கரை மாதிரியே இருக்குதென்று கிச்சினில் எல்லோருக்கும் சொல்லியிருக்கிறாள்.

ஒரு நாள் அவள் கதிரை போடுகிற மரத்தடியில் மண் புதிதாய்க் கிளறிக் கிடந்தது. இரண்டு கிளைக்கு நடுவில் நிற நிறமாய்ச் சின்னக் கொடிகள். மண்ணுக்கு மேலே, உள்ளங்கை அளவு, களிமண்ணில் ஒரு புத்தர்.

யோகராணி கதிரையைக் கீழே போட்டாள். "இஞ்சருங்கோ! இஞ்சை வாங்கோ! இஞ்சையும் வந்திட்டாங்கள்!"

கிறகரி தூண்டிலோடு ஓடிவந்து பார்த்தான். "ஆரோ சீனாக்காரர் கும்பிட வைச்சிருப்பினம். விடுமன்."

"அப்புவும் இப்பிடித்தான் விடுமன் எண்டவர். இண்டைக்குச் சிலை, நாளைக்குக் கொட்டில்."

"இது கனடா அல்லோ. இதிலை ஆர் வந்து முள்ளுக்கம்பி அடிக்கிறது?"

அவள் கேட்கிற நிலையில் இல்லை. கொடியைப் பிய்த்தாள். சிலையைத் தூக்கினாள். மண்ணைக் காலால் தள்ள, கீழே ஒரு மண்பானை தெரிந்தது; வாயைத் துணியால் இறுக்கிக் கட்டி மெழுகு வைத்திருந்தது. நகத்தால் தோண்டி அதையும் வெளியே எடுத்தாள். கனமாய் இருந்தது. உள்ளே என்ன என்று ஒரு நிமிசம் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. வலது கையை முழுவதுமாய் வீசி, முதலில் சிலை, பிறகு பானை. பானை ஒரு கல்லில் பட்டு உடைந்து தண்ணிக்குள் போனது. அவளுக்கு நெஞ்சு லேசாகிவிட்டது. அப்புவுக்காகச் செய்தமாதிரி இருந்தது என்று அன்றிரவு ஜெபமாலை சொல்லி முடித்தபிறகு கிறகரியிடம் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பூசை முடிந்து, பங்கு மண்டபத்தில் தேத்தண்ணி குடிக்கிற நேரம் அவளே கதையை எடுத்தாள். அருமைநாதன் என்று ஒருவர், பங்குச் சங்கத்துக்கு மூத்தவர், எழும்பி நின்று கை தட்டினார். "சூசைப்பிள்ளையற்றை மகள் எண்டால் சும்மாவே! எங்கட ஆம்பிளையளாலை ஏலாததைச் செய்து போட்டாள் பார்." யோகராணிக்கு ரோல்ஸ் பலகாரம் ஒன்று கூடுதலாய்க் கிடைத்தது.

திங்கட்கிழமை டோர்வலுக்கு வேலையாட்களை ஏற்றிப்போகிற வான் வண்டியிலும் அதே கதைதான். யோசெப்பின் கேட்க, யோகராணி முன்சீற்றிலிருந்து திரும்பி, எல்லோருக்கும் தமிழில் சொன்னாள். எறிந்த இடம் வந்ததும் கையை வீசிக் காட்டினாள். "புத்தர் பிளேன் மாதிரிப் பறந்தார்! பின்னாலை பானையும் பறந்து, டொம்!" வான் முழுக்கச் சிரிப்பு. பின்சீற்றில் இருந்த பெமாவுக்கு ஒரு சொல்லும் விளங்காது. ஆனால் எல்லோரும் சிரிக்க அவளும் சிரித்தாள். யோகராணியின் தோளில் தட்டி, காய்ந்த பாற்கட்டித் துண்டு ஒன்றை எடுத்து, "ராணி, நல்ல சந்தோசம் இண்டைக்கு" என்று கையில் வைத்தாள். யோகராணி அதை வாயில் போட்டுக்கொண்டு மிச்சக் கதையையும் சொன்னாள்.

அதற்குப் பிறகு வந்த வெள்ளிக்கிழமை பெமா அழுத கண்ணோடு வந்தாள். உடுப்பு மாற்றுகிற அறையில் யோகராணியைத் தனியே கூப்பிட்டாள். கையை ஆட்டி ஆட்டி, தெரிந்த பிரெஞ்சையெல்லாம் சேர்த்துச் சொன்னாள். பானை. லாமா மந்திரம் சொல்லிக் கட்டிய பானை. உள்ளே தானியம், மருந்துவேர், ஹெய்ட்டிக்காரியின் காசு, யோசெப்பினின் அரிசி, ராணியின் மடு மண். இப்படிப் பானைகளை மலையிலும் ஆற்றங்கரையிலும் வைத்தால் அந்த மண்ணிலே சண்டை ஆறும், சனம் நிம்மதியாய் இருக்கும் என்பது அவர்களுடைய நம்பிக்கை. பெமா சின்னப்பிள்ளையாய் வந்தவள், அவளிடம் தன் ஊர் மண் இல்லை. அதனால் தாயின் கழுத்தில் கிடந்த ஒற்றைப் பவளத்தை உள்ளே போட்டிருந்தாள். எங்கே வைப்பது என்று லாமா கேட்க, ராணியின் ஆற்றங்கரை என்று சொன்னாளாம். "நீதானே சொன்னாய், அங்கை போனால் உன்ரை ஊர் மாதிரி எண்டு. உன்ரை மண் அங்கை இருந்தால் நல்லம் எண்டு நினைச்சன். ஒரு நாள் உன்னைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்ட இருந்தனான். நேற்றுப் போய்ப் பார்த்தால் ஒண்டும் இல்லை."

யோகராணி வாங்கில் இருந்துவிட்டாள்.

பெமா அதைத் துக்கம் என்று எடுத்துக்கொண்டாள். "என்ரை பிழை, ராணி. அந்த இடத்துக் காவல் தெய்வத்திட்டை ஒழுங்காய் உத்தரவு கேக்கேல்லை. ஆழமாய்த் தாட்டிருக்க வேணும். உங்கட மாதாவின்ரை மண்ணை நான் துலைச்சுப் போட்டன்." தன் பையிலிருந்து ஒரு நீட்டு வெள்ளைப் பட்டுத்துணியை எடுத்தாள். அவர்களுடைய வழக்கத்தில் மரியாதைக்கும் மன்னிப்புக்கும் அதைத்தான் கொடுப்பார்கள். இரண்டு உள்ளங்கையிலும் விரித்து, தலையைக் குனிந்து, நீட்டினாள்.

அந்த நேரத்தில் வாய் திறந்திருக்கலாம். "அக்கா, நான்தான்" என்று இரண்டு சொல். வெளியிலே சூப்பர்வைசர் கதவைத் தட்டினான். யோகராணியின் கை நீண்டு துணியை வாங்கிவிட்டது. "பரவாயில்லை அக்கா" என்றும் சொல்லிவிட்டது அந்த வாய்.

அன்று முழுக்க அவள் வைத்த தட்டங்களில் பட்டர் இருந்தால் பாண் இல்லை, பாண் இருந்தால் கரண்டி இல்லை.

வீடு திரும்புகிற வானில் யோசெப்பின் அவளுடைய காதுக்குள் கேட்டாள். "என்ன மச்சாள், பேயறைஞ்ச மாதிரி இருக்கிறாய்?" விசயத்தைக் கேட்டதும் யோசெப்பினும் வெளிறிப்போனாள். ஆனாலும் அவள் கெட்டிக்காரி. "வாயை மூடிக்கொண்டிரு. அந்த மனுசிக்குத் தெரியாது. சொல்லி ஆருக்கு என்ன லாபம்? உள்ள பழக்கமும் போயிடும்."

யோகராணி மூடிக்கொண்டுதான் இருந்தாள். பட்டுத்துணியை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. மாதாவுக்குப் பக்கத்தில் வைத்தாள். மாதாவைப் பார்க்க முடியவில்லை. அலுமாரிக்குள் வைத்தாள், சேலை எடுக்கப் போகும்போதெல்லாம் கையில் தட்டுப்பட்டது. கிறகரியைக் கூட்டிக்கொண்டு ஆற்றுக்குப் போய், முழங்கால் தண்ணியில் இறங்கிக் கல்லுக்குள் எல்லாம் கை விட்டுத் தேடினாள். பானையின் ஒரு ஓடு கிடைத்தது. பவளம் கிடைக்கவில்லை. கிறகரி, அவளை ஏச ஆயிரம் சொல் இருந்தும், ஒன்றும் சொல்லாமல் சப்பாத்தோடு தண்ணியில் நின்று தேடினான். அது அவளை இன்னும் கொன்றது. பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசையில் நின்றாள். தன் முறை வரும்போது விலகி வந்துவிட்டாள். சுவாமியாருக்குச் சொல்வது சுகம். அவருடைய பானை இல்லையே அது.

பெமாவோ முன்னைவிட அன்பாய் இருந்தாள். குற்றம் செய்தவள் மாதிரி, தேத்தண்ணியை முதலில் ராணிக்கு ஊற்றினாள், பாரமான ட்றொலியைக் கேட்காமலே இழுத்தாள். ஒரு நாள், புதுப் பானை ஒன்றுக்கு லாமாவிடம் கேட்டிருக்கிறேன், அதற்கு மண் தா என்று உன்னிடம் கேட்க எனக்கு முகம் இல்லை, என்றாள். முகம் இல்லை என்று அவள் சொன்னது யோகராணிக்குப் பொறுக்கவில்லை.

அன்று பின்னேரம் துணியை மடித்து எடுத்துக்கொண்டு பெமாவின் வீட்டுக்குப் போனாள். பெமா சந்தோசப்பட்டு உள்ளே கூப்பிட்டு இருத்தினாள். சுவரோரம் ஒரு மேசையில் சின்னச் சின்னக் கிண்ணங்களில் தண்ணி வைத்து விளக்கு ஏற்றியிருந்தது. யோகராணி தேத்தண்ணியைத் தொடவில்லை.

"அக்கா, பானை... செ முவா. நான். நான் எடுத்து ஆத்துக்குள்ளை எறிஞ்சனான்."

பெமாவுக்கு முதலில் விளங்கவில்லை. யோகராணி கையை வீசிக் காட்டினாள். அந்த வீச்சைக் கண்டதும் பெமாவின் முகம் மாறியது.

"வானுக்குள்ளை... நீ இப்பிடிக் காட்டினாய். எல்லாரும் சிரிச்சினம். அதுவோ?"

"ஓம்."

"நானும் சிரிச்சனே."

யோகராணி அழுதுகொண்டு அரசமரத்துக் கதையைச் சொன்னாள். சிலை, கொட்டில், கம்பி, அப்புவின் கிணறு. எவ்வளவு விளங்கியதோ தெரியாது. பெமா எழும்பி விளக்குத் திரியைத் தூண்டிவிட்டு வந்து இருந்தாள்.

"எங்கட ஊரிலையும் மற்ற ஆக்கள் வந்து கம்பி அடிச்சவைதான். எனக்குத் தெரியும். நீ சொல்லியிருந்தால் நான் வேறை இடத்திலை வைச்சிருப்பன்" என்றாள். பிறகு, "பானை ஆத்துக்குப் போனது குற்றமில்லை. எங்கட ஆக்கள் ஆத்துக்குள்ளையும் விடுறவைதான், கடலுக்குள்ளையும் விடுறவைதான். அம்மாவின்ரை பவளமும் தண்ணிக்குள்ளை கிடக்கட்டும். ஆனால் நான் உன்னட்டை மன்னிப்புக் கேட்டன். நீ துணியை வாங்கினாய்."

யோகராணி துணியை நீட்டினாள். பெமா கையை மடியிலிருந்து எடுக்கவில்லை.

"அது உனக்குத் தந்தது. வைச்சிரு."

சத்தம் போடவில்லை, ஏசவில்லை. கதவுவரை வந்து வழியனுப்பினாள். வாசலில் கிடந்த சப்பாத்தை எடுத்துத் திருப்பியும் வைத்தாள். அடுத்த நாள் கிச்சினில் "பொன்ஜூர், மதாம்" என்றாள். ராணி என்ற பெயர் அன்றோடு போய்விட்டது. பட்டர்த் தேத்தண்ணியை யோசெப்பினுக்கு ஊற்றினாள், ஹெய்ட்டிக்காரிகளுக்கு ஊற்றினாள், போத்தலை மூடி வைத்தாள். வானில் வேறு சீற்றில் இருந்தாள்.

பங்கு மண்டபத்தில் மட்டும் கதை அப்படியே உயிரோடு இருந்தது. அருமைநாதன் யாரைக் கண்டாலும் அவளைக் காட்டிச் சொல்லுவார். பெரியநாயகி மாதா திருநாளன்று, கனடாவுக்குப் புதிதாய் வந்த ஒரு குடும்பத்துக்கு முன்னால், "இவதான் புத்தரை ஆத்துக்குள்ளை பறக்க விட்டவ!" என்று தொடங்கினார்.

"விடுங்கோ அண்ணை."

"ஏன் விடுறது? எங்கட சனத்துக்கு ரோசம் வேணும்."

யோகராணி கையில் இருந்த கோப்பையைக் கீழே வைத்தாள். "அதுக்குள்ளை மடு மண் கிடந்தது, அண்ணை. நான் குடுத்த மடு மண். சமாதானத்துக்கெண்டு ஒரு ஏழை மனுசி புதைச்சு வைச்சது. மாதாவின்ரை மண்ணையும் அந்த மனுசியின்ரை தாயின்ரை பவளத்தையும்தான் நான் எறிஞ்சனான். எறிஞ்சுபோட்டு அவவின்ரை மூஞ்சைக்கு முன்னாலை சிரிச்சனான். இனி இந்தக் கதையை எடுக்காதையுங்கோ."

அருமைநாதன் தேத்தண்ணிக்குள் பார்த்தார். புதுக் குடும்பத்துப் பொம்பிளை தன் பிள்ளையைக் கிட்ட இழுத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு அங்கே அவளை யாரும் புகழவில்லை. கொஞ்ச நாள் யாரும் அதிகம் கதைக்கவும் இல்லை. அவளுக்கு அது ஏறத்தாழச் சரியாய்ப் பட்டது.

ஊரிலிருந்து தங்கச்சி அனுப்பிய மடு மண் ஆடி மாதம் வந்து சேர்ந்தது. யோகராணி அதைப் பெமாவுக்குக் கொடுக்கக் கிச்சினுக்குக் கொண்டுபோனாள். பெமாவின் இடத்தில் வேறொருத்தி நின்றாள். மகன் நகரத்தின் மேற்கே புவாண்ட்-கிளேரில் வீடு எடுத்துத் தாயையும் கூட்டிக்கொண்டு போய்விட்டானாம், கிச்சின் வேலையையும் அவள் விட்டுவிட்டாளாம். பெமா யோசெப்பினிடம் சொல்லிக்கொண்டுதான் போனாள். யோகராணியிடம் சொல்லவில்லை.

ஆற்றங்கரை மரத்தடியில் இப்போது ஒன்றும் இல்லை. கிறகரி தூண்டில் போட வேறு இடம் பார்த்துக்கொண்டான். மண் பொட்டலம் மாதாவுக்குப் பின்னால் இருக்கிறது. வெள்ளைத் துணி அலுமாரியில்தான். போன கிழமை புவாண்ட்-கிளேர்க் கடைத்தொகுதியில் யோசெப்பின் பெமாவைக் கண்டாளாம். எல்லோரையும் சுகம் விசாரித்தாளாம். கையை முறித்த மதாமுக்குக் குளிருக்கு மணிக்கட்டு நோகுதோ என்றும் கேட்டாளாம். நோகுதில்லை என்று யோசெப்பின் சொன்னாளாம்.

பெமா இப்போது புவாண்ட்-கிளேரில் மகன் வீட்டில் இருக்கிறாள். அங்கே ஒரு கிடங்கில் பெட்டி ஒட்டுகிற வேலை. காலமை போய்ப் பின்னேரம் வருகிறாள்.